பிரெஞ்சு ஷத்தோ பண்ணையில் ஒரு வாரம்: வீடு பார்ப்பதிலிருந்து சாவி கொடுப்பது வரை

லுவார் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நாங்கள் முதல்முறை தங்கிய வீடு ஒரு காலத்தில் ரொட்டி சுடும் கூடம். சமையலறைச் சுவரில் இடுப்பு உயரத்தில் சின்னதாக ஓர் இரும்புக் கதவு இருந்தது. திறந்தால் உள்ளே செங்கல் குவிமாடம், ஓர் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு. கையை விட்டுத் தடவினால் விரல் நுனியில் இன்னும் கரி ஒட்டியது. பண்ணையில் வேலை செய்த அத்தனை பேருக்கும் ரொட்டி அந்த அடுப்பிலிருந்துதான் வந்திருக்கிறது. மாளிகையின் தங்க முலாம் பூசிய அறைகளை அதற்கு முன்பே பார்த்திருந்தேன். அந்தக் கரி மட்டும்தான் மனதில் நின்றது.

ஷத்தோ என்ற பழைய மாளிகையின் பண்ணைக்குள் இருக்கும் இப்படிப்பட்ட வீட்டில் ஒரு வாரம் தங்க என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன். பிரான்ஸில் எல்லாப் பகுதியிலும் இவை உண்டு. நான் பழகியது தூர் நகரைச் சுற்றியுள்ள லுவார் பகுதி என்பதால் உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்து வரும்.

முதலில் சில சொற்கள்

விளம்பரங்களில் திரும்பத் திரும்ப வரும் சொல் தொமேன். நம் ஊர் ஜமீன் பண்ணையை நினைத்துக்கொள்ளுங்கள்: நடுவில் மாளிகை, சுற்றிலும் குதிரை லாயம், தோட்டக்காரர் வீடு, திராட்சை ரசக் கிடங்கு, புறாக்கூண்டுக் கோபுரம், அதற்கப்பால் வயலும் காடும். மாளிகைதான் ஷத்தோ. மற்ற கட்டடங்களில் ஒன்றைச் சீர்செய்து, சமையலறையோடு முழு வீடாக வாடகைக்கு விட்டால் அது ஜீத். மாளிகைக்குள்ளேயே ஓர் அறை தந்து, காலை உணவும் கொடுத்தால் அது ஷாம்ப்ர் தோத். இந்த இரண்டாவது வகையில் சட்டப்படி ஐந்து அறைக்கு மேல், பதினைந்து பேருக்கு மேல் கூடாது. குடும்பமாகப் போகிறவர்களுக்கு, சமைத்துச் சாப்பிட நினைப்பவர்களுக்கு ஜீத்தான் சரி.

இவ்வளவு பழைய சொத்துகளை ஏன் வாடகைக்கு விடுகிறார்கள்? கூரைக்காகத்தான் என்று சொல்லிவிடலாம். ஒரு மாளிகையின் கற்பலகைக் கூரையைப் புதுப்பிக்க ஆகும் செலவை ஒரு குடும்பம் தனியாகத் தாங்க முடியாது. வில்லாந்திரி மாளிகையை 1906-இல் வாங்கி, அதன் தோட்டங்களை மீட்டெடுத்த மருத்துவர் ஜோவாக்கிம் கர்வாயோ, இந்தச் சிக்கலை நேரில் அனுபவித்தவர். தனியார் கையில் உள்ள வரலாற்று மாளிகைகளின் உரிமையாளர்களை ஒன்று சேர்க்க அவர் 1924-இல் தொடங்கிய சங்கம் இன்றும் இயங்குகிறது. ஜீத் என்ற ஏற்பாடு பிறகு வந்தது. நகரத்துக்கு ஆட்கள் போய்விட, கிராமங்களில் வீடுகள் காலியாகப் பாழடைந்துகொண்டிருந்த காலம் அது. அந்த வீடுகளைக் காப்பாற்றவும், விவசாயிகளுக்குக் கூடுதல் வருமானம் தரவும் பிறந்த திட்டத்துக்கு 1955-இல் ‘ஜீத் தெ பிரான்ஸ்’ என்ற தேசியக் கூட்டமைப்பு அமைந்தது. தரத்தைக் குறிக்க அவர்கள் கோதுமைக் கதிரைப் பயன்படுத்துகிறார்கள், ஒன்று முதல் ஐந்து வரை. அரசின் தர வரிசை இதிலிருந்து தனி. அது நட்சத்திரங்களில் வரும்.

படி 1: எப்போது போவது

ஜூலை, ஆகஸ்ட் பிரெஞ்சுக்காரர்களின் கோடை விடுமுறை. வாடகை அதிகம், வீடு கிடைப்பது கடினம், கிட்டத்தட்ட எல்லாமே சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரைதான். வேறு வழியே இல்லையென்றால் மட்டும் அந்த மாதங்கள். மே மாதத்தின் பிற்பாதி, ஜூன், செப்டம்பர் ஆகியவை அருமையான காலம். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும்.

செப்டம்பரில் இன்னொரு வசதி. மூன்றாவது வார இறுதியில் மரபுச் சின்னங்களின் நாட்கள் வருகின்றன. 1984-இல் தொடங்கிய வழக்கம் இது. மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கும் தனியார் மாளிகைகள் பலவும் அன்று கதவைத் திறக்கும். அதே செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவு வரை ஷாம்போர் காட்டில் கலைமான்கள் இணைசேரும் பருவம். விடியலிலும் மாலை மங்கும்போதும் ஆண் மான்கள் எழுப்பும் உறுமல் நெஞ்சுக்குள் அதிரும்.

குளிர்காலம் என்றால் ஒரே ஓர் எச்சரிக்கை: சூடாக்கும் செலவு வாடகையில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் தனியாகத்தான் வாங்குவார்கள்.

படி 2: எந்தப் பகுதி

பாரிஸ் மோன்பர்நாஸ் நிலையத்திலிருந்து தூர் நகரின் பக்கத்து நிலையமான சேன்-பியேர்-தெ-கோருக்கு அதிவேக ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். சில ரயில்கள் ஷார்ல் தெ கோல் விமான நிலையத்திலிருந்தே நேராக வருகின்றன. நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு பாரிஸைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை என்பது பெரிய நிம்மதி. அம்புவாஸ், ஷெனோன்சோ, லோஷ், ப்ளுவா என எந்த ஊரின் பக்கத்தில் வீடு எடுத்தாலும் மற்றவை கார் தூரம்தான்.

ஷாம்போரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதலாம் பிரான்சுவா மன்னர் 1519-இல் கட்டத் தொடங்கிய மாளிகை. அதைச் சுற்றி 5,440 ஹெக்டேர் காடும் வெளியும், அத்தனையையும் வளைத்து 32 கிலோமீட்டர் மதில். அரசு 1930-இல் அதை வாங்கியது. அந்த மதிலுக்குள்ளேயே வாடகைக்கு ஜீத்துகள் உண்டு. பகலில் வந்த சுற்றுலாப் பேருந்துகள் எல்லாம் திரும்பிப் போன பிறகு அந்தக் காட்டின் அமைதி உங்களுக்குக் கிடைக்கும். கிடைப்பது அரிது என்பதால் பல மாதங்களுக்கு முன்பே தேடுங்கள்.

படி 3: விளம்பரத்தைப் படிக்கும் முறை

நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: இந்தக் கட்டடம் முன்பு என்னவாக இருந்தது? பதிலைக் கேட்டால் வீட்டின் குணம் பாதி புரிந்துவிடும்.

குதிரை லாயமாக இருந்தால் நீளமான வீடு. பெரிய கதவுகள், தரைத்தளம் முழுக்கக் கல். வயதானவர்களுக்கு ஏற்றது. தானியக் கிடங்கு என்றால் மேல்மாடி அறைகள் கூரைச் சரிவுக்குள் இருக்கும். தலையை இடித்துக்கொள்வீர்கள், கோடையில் மேலே புழுங்கும். தோட்டக்காரர் வீடு சிறியது, ஆனால் காய்கறித் தோட்டத்தின் மதிலோடு ஒட்டியிருக்கும். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

புறாக்கூண்டுக் கோபுரம் பார்க்க அழகு. உள்ளே வட்டச் சுவர் முழுக்கப் புறாக்களுக்கான பொந்துகள் வரிசை வரிசையாக இருக்கும். பழைய காலத்தில் பல பகுதிகளில் நிலத்தின் அளவுக்கு ஏற்பத்தான் பொந்துகள் வைக்கலாம் என்பதால், பொந்தை எண்ணினாலே பிரபுவின் செல்வம் தெரிந்துவிடும். விதைத்த தானியத்தைப் புறாக்கள் தின்ன, விவசாயி அவற்றைத் தொடக்கூட முடியாது. புரட்சியின்போது, 1789 ஆகஸ்ட் 4 இரவு ஒழிக்கப்பட்ட பிரபுக்களின் உரிமைகளில் இதுவும் ஒன்று. அவ்வளவு கதை உள்ள கட்டடம்தான். ஆனால் ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் அறை, நடுவே குறுகலான சுழல் படி. சின்னக் குழந்தையோடும் முழங்கால் வலியுள்ள பெற்றோரோடும் அங்கே போக வேண்டாம்.

அடுத்து, உரிமையாளரிடம் எழுதிக் கேட்க வேண்டியவை. உரிமையாளர் அதே வளாகத்தில் வசிக்கிறாரா? தோட்டமும் நீச்சல் குளமும் உங்களுக்கு மட்டுமா, பொதுவா? குளத்துக்கு வேலியோ எச்சரிக்கை மணியோ மூடியோ இருக்கிறதா? இதற்கு 2003-இல் சட்டமே வந்துவிட்டது, கேட்கத் தயங்காதீர்கள். வளாகத்தில் திருமண மண்டபம் இருக்கிறதா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். பல மாளிகைகள் கோடைச் சனிக்கிழமைகளைத் திருமணங்களுக்கு விடுகின்றன, பாட்டு விடியும் வரை கேட்கும். அப்புறம் வைஃபை. சுவர் முக்கால் மீட்டர் தடிமன் என்றால் ஒரு அறையில் வரும் இணையம் அடுத்த அறையில் வராது. ‘எந்த அறையில் வரும்?’ என்றே கேளுங்கள்.

லிப்ட், ஏசி, பெரிய ஜன்னல் இவை இல்லையே என்று குறைபடத் தேவையில்லை. வரலாற்றுச் சின்னங்களுக்கான 1913-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்றால், உரிமையாளரே நினைத்தாலும் அனுமதி இல்லாமல் எதையும் மாற்ற முடியாது.

படி 4: ஒப்பந்தமும் முன்பணமும்

பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் ஒப்பந்தமும், வீட்டில் என்னென்ன இருக்கிறது என்ற விவரப் பட்டியலும் வாங்குங்கள். பிரெஞ்சுச் சட்டப்படி உரிமையாளர் இவற்றைத் தந்தாக வேண்டும்.

ஒப்பந்தத்தில் முன்பணத்துக்கு எந்தச் சொல் இருக்கிறது என்று உற்றுப் பாருங்கள். ‘ஆர்’ (arrhes) என்று இருந்தால், நீங்கள் ரத்து செய்தால் அந்தப் பணம் போகும், அதோடு முடிந்தது. உரிமையாளர் ரத்து செய்தால் உங்களுக்கு இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். ‘அகோன்த்’ (acompte) என்று இருந்தால் கதை வேறு. அது உறுதியான கடப்பாடு. நீங்கள் பின்வாங்கினால் முழு வாடகையையும் கேட்க அவருக்கு வழி உண்டு. பிரெஞ்சு எழுத்தில் இரண்டு சொல்லும் ஆ என்ற எழுத்தில்தான் தொடங்கும், அவசரத்தில் ஒன்றுபோலத் தெரியும். விசா கிடைக்குமா என்று உறுதியில்லாத நமக்கு முதல் வகைதான் பாதுகாப்பு. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: இணையத்தில் வாங்கிய பொருளைப் பதினான்கு நாளில் திருப்பித் தரும் உரிமை, தேதி குறித்துப் பதிவு செய்த தங்குமிடத்துக்குப் பொருந்தாது.

வாடகைக்கு மேல் வரக்கூடிய செலவுகள்: சேதத்துக்கான வைப்புத்தொகை, சுத்தம் செய்யும் கட்டணம், படுக்கை விரிப்பும் துண்டும் வாடகைக்கு, உள்ளூர் தங்கல் வரி. இந்த வரி பெரியவர்களுக்கு மட்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கிடையாது.

படி 5: விசா

இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் குடிமக்களுக்குக் குறுகிய பயணத்துக்கு வேண்டாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசிப் பதினைந்து நாளுக்கு முன் கொடுத்தாக வேண்டும். கோடையில் முன்பதிவு நேரம் கிடைப்பதே பாடு என்பதால் சீக்கிரம் தொடங்குங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். ஓட்டல் ரசீதுக்குப் பதிலாக ஜீத் ஒப்பந்தத்தை வைக்கலாம். உங்கள் பெயர், முழு முகவரி, தேதிகள், உரிமையாளர் கையெழுத்து எல்லாம் அதில் இருக்கட்டும்.

படி 6: கார்

பண்ணை வீடு என்றால் பக்கத்துக் கடையே ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். கார் வேண்டும். நம் ஊர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்துச் செல்லுங்கள். தானியங்கி கியர் வேண்டுமென்றால் முன்பே சொல்லிப் பதிவு செய்ய வேண்டும், அங்கே கையால் மாற்றும் கியர்தான் அதிகம்.

வலது பக்கம் ஓட்டுவது ஒரு நாளில் பழகிவிடும். பழகாதது வலமிருந்து வருபவருக்கு முன்னுரிமை என்ற விதி. கிராமத்துக்குள் பலகை எதுவும் இல்லாத சந்திப்பில், வலப்பக்கச் சந்திலிருந்து ஒரு டிராக்டர் வந்தாலும் நீங்கள்தான் நிற்க வேண்டும். மஞ்சள் வைரம் போன்ற பலகை இருந்தால் முன்னுரிமை உங்களுக்கு. அதன் மேல் கறுப்புக் கோடு குறுக்கே போனால் அந்த முன்னுரிமை முடிந்தது. கிராமப்புறச் சாலைகளில் வேகம் பொதுவாக 80, சில மாவட்டங்களில் 90, ஊருக்குள் 50.

படி 7: பெட்டியில் என்ன, சமையல் எப்படி

நெய், பால்கோவா, பனீர், இறைச்சி, பச்சைக் கறிவேப்பிலை இவற்றைக் கொண்டு போகாதீர்கள். பால், இறைச்சிப் பொருட்களை வெளிநாட்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரத் தடை. பச்சை இலைகளுக்குத் தாவரநலச் சான்று வேண்டும். அரிசி, பருப்பு, பொடிகளுக்குத் தொல்லை இல்லை. பாரிஸ் வழியாகப் போனால், வட ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நம்மவர்கள் லாச்சப்பல் என்று சொல்லும் பகுதியில் ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கறிவேப்பிலை, முருங்கைக்காய் எல்லாம் அங்கேயே வாங்கிக்கொண்டு ரயில் ஏறலாம்.

அடுப்பு எது என்று முன்பே கேளுங்கள். பல வீடுகளில் இண்டக்‌ஷன்தான். அலுமினிய இட்லிப் பாத்திரம் அதில் சூடேறாது. அடி தட்டையான இரும்பு தோசைக்கல் நன்றாக வேலை செய்யும். ஒரு மே மாதம் மாவை இரவு கரைத்து வைத்தேன். கற்சுவர் சமையலறை கிணற்றடி போலக் குளிர்ந்து கிடந்ததால் காலையில் மாவு அப்படியே இருந்தது, ஒரு குமிழிகூட இல்லை. பாத்திரத்தைத் துண்டில் சுற்றி வெயில் விழும் ஜன்னல் திண்ணையில் வைத்தேன். மாலைக்குள் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கிவிட்டது. இரவு தோசை சாப்பிட்டோம், தொட்டுக்கொள்ள தக்காளியும் பூண்டும் வைத்து அரைத்த சட்னி.

படி 8: வந்து சேரும் நாள்

வழக்கமாக மாலை நான்கு மணிக்குச் சாவி. அதற்கு முன்பே வழியில் இரண்டு நாள் மளிகை வாங்கிவிடுங்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் கிராமத்தில் எதுவும் திறந்திருக்காது, திங்களும் பல கடைகள் விடுமுறை. மற்ற நாட்களிலும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பூட்டிவிடுவார்கள்.

உரிமையாளரைப் பார்த்ததும், கடைக்குள் நுழைந்ததும், முதல் வார்த்தை ‘போன்ஜூர்’. அதைச் சொல்லாமல் நேராக விஷயத்துக்கு வந்தால் அவர்களுக்கு அது மரியாதைக் குறைவு. சொல்லிவிட்டால் முகமே மாறும்.

வீட்டைச் சுற்றிக் காட்டும்போது கூடவே நடங்கள். விரிசல் விட்ட தட்டு, கீறிய மேசை இருந்தால் அப்போதே சொல்லி, போன் கேமராவில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மின்மீட்டர் எங்கே, தண்ணீர் அடைப்பான் எங்கே என்று கேட்டு வையுங்கள்.

படி 9: பழைய வீட்டின் பழக்கவழக்கம்

கோடையில் காலை பத்து மணிக்குள் ஜன்னல்களின் மரக்கதவுப் பலகைகளைச் சாத்திவிட்டு, இரவில் திறந்து விடுங்கள். லுவார் பகுதியின் வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லுக்கு அங்கே துஃபோ என்று பெயர். மென்மையான, ஈரத்தை இழுத்து விடும் கல். அந்தச் சுவருக்குள் வெளியே 35 பாகை இருந்தாலும் உள்ளே போர்வை தேடுவீர்கள். நகத்தால் கீறினாலே மாவாக உதிரும், ஆகவே அதில் ஆணி அடிக்கவோ டேப் ஒட்டவோ வேண்டாம்.

மின்சாரம் அளவானது. ஓவன், வாஷிங் மெஷின், வெந்நீர்க் கொதிகலன் மூன்றும் ஒன்றாக ஓடினால் வீடே இருட்டாகும். பதற வேண்டாம். மூன்றில் ஒன்றை அணைத்துவிட்டு, லிங்கி என்ற பச்சை நிற மின்மீட்டரில் கூட்டல் குறி உள்ள பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் திரும்ப வரும்.

கழிவுநீர்த் தொட்டி பெரும்பாலும் வளாகத்துக்குள்ளேயே இருக்கும். ஈரத் துடைப்பான், நாப்கின், வறுத்த எண்ணெய் எதையும் உள்ளே விடக்கூடாது.

காட்டில் நடந்து வந்தால் முழங்கால் மடிப்பு, கழுத்து, குழந்தைகளின் தலை ஆகியவற்றில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று மாலையில் பாருங்கள். இலையுதிர்காலத்தில் வேட்டை நடக்கும், குறிப்பாக ஞாயிறுகளில். அன்று எந்தப் பக்கம் போகலாம் என்று உரிமையாளரைக் கேட்டுவிட்டு, பளிச்சென்ற நிறத்தில் உடுத்திக்கொண்டு போங்கள். அவசரத்துக்கு 112.

படி 10: எதைப் பார்ப்பது

ஒரு நாளைக்கு ஒரு மாளிகை, வாரத்துக்கு மூன்று. அதற்கு மேல் போனால் எது எந்த மாளிகையின் படிக்கட்டு என்றே குழம்பிவிடும்.

ஷெனோன்சோவுக்குத் தூரிலிருந்து சிற்றூர் ரயிலே போதும், நிலையம் மாளிகையின் வாசலிலேயே இருக்கிறது. ஷேர் ஆற்றின் குறுக்கே நீளும் அதன் கூடத்தில் நில்லுங்கள். இரண்டாம் உலகப்போரில் ஆக்கிரமிக்கப்பட்ட பிரான்ஸுக்கும் மற்றப் பகுதிக்கும் இடையே அந்த இடத்தில் எல்லையாக இருந்தது அந்த ஆறுதான். அம்புவாஸில் லியனார்டோ டா வின்சி தன் கடைசி மூன்று ஆண்டுகளைக் கழித்த க்ளோ லூசே வீடு. 1519 மே 2-இல் அங்கேதான் இறந்தார். அதே ஊரில் வெள்ளியும் ஞாயிறும் காலையில் ஆற்றங்கரைச் சந்தை. நடுவில் வைக்கோல் செருகிய சேன்த்-மோர் ஆட்டுப்பால் சீஸை அங்கே வாங்குங்கள். உருளை உடையாமல் இருப்பதற்குத்தான் அந்த வைக்கோல்.

மற்ற நாட்களைப் பண்ணையிலேயே கழியுங்கள். ஒரு நாள் காலை முழுக்க மதில் ஓரமாக நடந்தாலே பனிக்கட்டிக் குழி, துணி துவைக்கும் கல்தொட்டி, இடிந்த பசுமைக்கூடம் என ஒவ்வொன்றாகக் கண்ணில் படும். உரிமையாளருக்கு நேரம் இருக்கும்போது எது என்ன என்று கேட்டால், மணிக்கணக்கில் சொல்வார்கள்.

படி 11: கிளம்பும் நாள்

பெரும்பாலும் காலை பத்து மணிக்கு வீட்டை ஒப்படைக்க வேண்டும். முந்தின இரவே குளிர்சாதனப் பெட்டியைக் காலி செய்து, கண்ணாடிப் பாட்டில்களை ஊர்ப் பொதுத் தொட்டியில் போட்டு, அடுப்புச் சாம்பலை முழுக்க ஆறிய பிறகே அள்ளுங்கள். சுத்தம் செய்யும் கட்டணம் கட்டியிருந்தாலும் பாத்திரம் கழுவுவது நம் பொறுப்புதான். ஏதாவது உடைந்திருந்தால் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். உரிமையாளர் வீட்டைப் பார்த்து முடித்ததும் வைப்புத்தொகை எப்போது, எப்படித் திரும்பும் என்று தேதியோடு கேட்டுக்கொள்ளுங்கள்.

மேசை மேல் விருந்தினர் ஏடு ஒன்று இருக்கும். எங்கள் ரொட்டிக்கூட வீட்டின் ஏட்டில் முன்னால் தங்கியவர்கள் எழுதிய பிரெஞ்சும் ஜெர்மனும் டச்சும் இருந்தன. நான் தமிழில் அரைப் பக்கம் எழுதினேன். உரிமையாளரான அம்மா அந்த எழுத்துகளின் மேல் விரலை ஓட்டி, ஒரு வரியை வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.